மறப்பதும் நீதியே

நுழையும்முன்

தவறிழைத்த சிறாரை ஒரு சமூகம் எவ்வாறு நடத்துகிறது என்பது, அச்சமூகத்தின் நீதியுணர்வை அளக்கும் அளவுகோல்களுள் ஒன்று. சிறார்க்கெனத் தனி நீதிமுறை ஏன் வேண்டும், அது எவ்வாறு இயங்குகிறது, எங்கே தடுமாறுகிறது, அதில் நமக்குள்ள பங்கு யாது என்பவற்றைக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து தொடங்கி ஆராய்கிறது இக்கட்டுரை.

மூட்டை சுமந்த சிறுவன்

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் வழியில், மீனவர்கள் தென்கடல் என்றழைக்கும் மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த ஊர் புதுமடம். அதைப் போன்றதொரு கடற்கரைச் சிற்றூரில் வாழும் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் கற்பனை மாந்தனே. ஆயினும் அவனைப் போன்றோர் எல்லாக் கரைகளிலும் உள்ளனர்.

அவனுடைய தந்தையின் வள்ளம் பழுதாகிக் கரையேறிக் கிடக்கிறது. வீட்டில் கடன் இருக்கிறது. அறிமுகமான பெரியவர் ஒருவர், இரவில் நான்கு மூட்டைகளைத் தென்னந்தோப்பிலிருந்து கரைவரை சுமந்து தந்தால் கூலி தருவதாகக் கூறுகிறார். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கூலி. உள்ளே இருப்பது அவித்து உலர்த்திய கடல் அட்டை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2001ஆம் ஆண்டு முதல் பிடிக்கவும் விற்கவும் தடை செய்யப்பட்ட உயிரினம் அது. ரோந்துக் காவலரின் விளக்கொளி பாய்கிறது. பெரியவர் இருளில் மறைந்துவிடுகிறார். சிறுவன் மட்டும் மூட்டையோடு நிற்கிறான்.

இனி அவனுக்கு என்ன நேர வேண்டும்? தண்டிக்க வேண்டும் என்பார் சிலர். விட்டுவிட வேண்டும் என்பார் வேறு சிலர். சட்டம் இவ்விரண்டிற்கும் அப்பால் செல்கிறது. வயது வந்தோரிடம், 'நீ என்ன செய்தாய்?' என்பதே நீதிமன்றத்தின் முதன்மையான கேள்வி. சிறுவனிடமோ, 'ஏன் செய்தாய்? உன்னை அனுப்பியவர் யார்? இனி நீ எப்படி வாழப் போகிறாய்?' என்னும் கேள்விகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே சிறார் நீதி என்பது குறைவான நீதி அன்று. கூடுதலாக வினவும் நீதி.

சட்டம் வகுத்த வழி

இளைஞர் நீதிச் சட்டம், 2015 இந்நாட்டில் பதினெட்டு வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரைச் 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' என்றே அது குறிப்பிடுகிறது. 'குற்றவாளி' என்னும் சொல்லைத் தவிர்க்கிறது. அச்சிறுவனைக் காவல் நிலைய அறையில் அடைத்து வைக்கக் கூடாது. சிறைக்கு அனுப்பக் கூடாது. கைவிலங்கு பூட்டக் கூடாது. குழந்தைகள் நலக் காவல் அலுவலரின் பொறுப்பில் அவனை ஒப்படைத்துப் பெற்றோர்க்குச் செய்தி சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்த வேண்டும்.

அக்குழுமத்தில் நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அமர்வர். சமூகப் பணியாளருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். சட்டம் அறிந்தவரோடு வாழ்க்கை அறிந்தவரும் சேர்ந்தமர்வதே இதன் நோக்கம். சிறுவனின் குடும்பம், கல்வி, வறுமை, நட்பு ஆகியவற்றை நன்னடத்தை அலுவலர் நேரில் ஆராய்ந்து அறிக்கை அளிப்பார். பிணையில் விடுவதே பொதுவிதி, மறுப்பதே விலக்கு. விடுவித்தால் அவன் தீயோரிடம் சிக்குவான், அவனுக்கே தீங்கு நேரும், அல்லது நீதியின் நோக்கம் கெடும் என்று கருதினால் மட்டுமே பிணையை மறுக்கலாம். அப்போதும் அவன் செல்லும் இடம் சிறை அன்று, கூர்நோக்கு இல்லம்.

குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் அறிவுரை கூறி அனுப்பலாம். சமூகப் பணி செய்யச் சொல்லலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம். மூன்றாண்டுக்கு மிகாமல் சிறப்பு இல்லத்தில் வைக்கலாம். நிறுவனத்தில் வைப்பது இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் தன் அடிப்படை நெறிகளுள் ஒன்றாகக் கூறுகிறது.

அவன் வயது பதினெட்டிற்குக் கீழ்ப்பட்டதுதானா என்ற ஐயம் எழுந்தால், பள்ளியில் பதிவான பிறந்த நாளே முதற்சான்றாகக் கொள்ளப்படும். பெற்றோர் ஒருவர் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் எழுதிய ஒரு தேதி, பல்லாண்டுகளுக்குப்பின் அவருடைய பிள்ளை எந்த நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்யக்கூடும்.

தமிழகம் காட்டிய முன்மாதிரி

இச்சிந்தனை நமக்குப் புதியதன்று. செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தை வைத்தவர் வள்ளுவர். முறை செய்தலையும் இரக்கத்தையும் அவர் வெவ்வேறு கரைகளில் நிறுத்தவில்லை.

நீதி தவறாமைக்குச் சான்றாக நாம் சொல்வது மனுநீதிச் சோழன் கதை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அம்மன்னனுக்குச் சிலையும் உண்டு. கன்றைக் கொன்ற இளவரசன்மீது தேரைச் செலுத்திய அக்கதையைக் கேட்டு, இளையோரையும் கடுமையாகத் தண்டிப்பதே தமிழர் மரபு என்று கருதுவோர் உளர். அக்கதையின் அறம், ஆள்பவன் தன் பிள்ளைக்கென்று தனிச்சலுகை தேடக் கூடாது என்பதே. மேலும், பெரியபுராணம் அந்த மரணத்தோடு கதையை முடிக்கவில்லை. இறைவன் அருளால் கன்றும் இளவரசனும் உயிர் பெற்றெழுகின்றனர். பறிபோன இளம் உயிரை மீட்டுத் தராமல் அக்கதையாலும் நிறைவு கொள்ள இயலவில்லை.

தற்காலச் சட்ட வரலாற்றிலும் தமிழகத்திற்குச் சிறப்பிடம் உண்டு. உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் தோன்றியது. அதன்பின் இருபத்தோராவது ஆண்டில், இந்திய மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை மாகாணம் 1920இல் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. வங்கம் 1922இலும் பம்பாய் 1924இலும் அதனைப் பின்பற்றின. நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம் 1986இல் வந்தது. எனினும், அச்சட்டம் ஆண்பிள்ளைகளுக்கு 16 வயதையே வரம்பாக்கியது. 1992இல் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதற்கேற்ப, 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலர்க்கும் வரம்பைப் பதினெட்டாக உயர்த்தியது.

பதினாறா, பதினெட்டா?

2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் இளம்பெண் ஒருவர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்தார். குற்றம் புரிந்த அறுவருள் ஒருவனுக்குப் பதினெட்டு நிரம்பச் சில மாதங்களே இருந்தன. சட்டப்படி அவனுக்கு மூன்றாண்டு சிறப்பு இல்ல வாழ்வே விதிக்கப்பட்டது. நாடு கொதித்தது. அந்தச் சினம் நியாயமானதே. ஆயினும், அவ்வழக்கை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் ஜே.எஸ். வர்மா குழு, 2013 ஜனவரியில் அளித்த அறிக்கையில் வயது வரம்பைக் குறைக்கப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் புதிய பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. ஏழாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதுவரையுள்ள சிறாரை, முதனிலை மதிப்பீட்டிற்குப்பின் வயது வந்தோரைப் போல விசாரிக்கலாம் என்கிறது அப்பிரிவு. அவ்வாறு விசாரிக்கப்பட்டோர்க்கும் மரண தண்டனையோ விடுதலைக்கு வழியற்ற வாழ்நாள் சிறையோ விதிக்க முடியாது.

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் உங்களுள் பெரும்பாலோர் இந்த வயதினரே. எனவே இவ்விவாதம் உங்களைப் பற்றியது. அப்பிரிவின் அடிப்படை வலுவற்றது என்பது என் கருத்து. அச்செயலைப் புரியும் மனத்திறனும் உடல்திறனும், விளைவை உணரும் ஆற்றலும் அச்சிறுவனுக்கு இருந்தனவா என்பதைக் குழுமம் மதிப்பிட வேண்டும். குற்றத்தைச் செய்தவன் அவன்தானா என்பதே மெய்ப்பிக்கப்படாத நிலையில், அதைச் செய்தபோது அவன் மனம் எவ்வாறு இருந்தது என்று எங்ஙனம் அளப்பது? நன்மை தீமை அறிவது வேறு. நண்பர் கூட்டத்தின் நடுவே, சினத்தின் உச்சத்தில், அவ்வறிவின்படி நிற்பது வேறு. தன்னை அடக்கும் திறனுக்குரிய மூளைப்பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்கிறது என்று அறிவியல் கூறுகிறது. வாக்களிக்கவும் ஒப்பந்தம் செய்யவும் போதிய முதிர்ச்சி இல்லை என்று நாம் கருதும் ஒருவனைத் தண்டனைக்கு மட்டும் முதிர்ந்தவனாக்குவது முரணன்றோ?

காயம்பட்டவரின் குரல்

இவ்வாறு கூறும்போது, பாதிக்கப்பட்டோரை மறப்பது பெரும்பிழை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீட்டினுள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். சாதிவெறியால் நிகழ்ந்த அக்கொடுமையில் பிடிபட்டோர், அவனோடு ஒரே பள்ளியில் பயின்றவர் உள்ளிட்ட சிறார். மருத்துவமனையில் கிடந்த அந்தப் பிள்ளைகளிடம் சென்று, 'அவர்களும் சிறுவர்களே; பொறுத்துக்கொள்' என்று கூறும் உரிமை எவர்க்கும் இல்லை.

சிறார் நீதி மன்னிப்பைக் கட்டாயப்படுத்துவதில்லை. அது பொறுப்பேற்கச் செய்ய முயல்கிறது. காயம்பட்டவருக்கு மருத்துவமும் பாதுகாப்பும் கல்வியும் இழப்பீடும் முதலில் உறுதியாக வேண்டும். அந்த மாணவன் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வெழுதி வென்றான் என்பது, அவனது உறுதிக்கும் அவனுக்குத் துணைநின்றோர்க்கும் கிடைத்த பெருமை. அதே வேளையில், பதினேழு வயதுக் கையில் அரிவாளையும், அதற்கு முன்பே அம்மனத்தில் சாதியையும் வைத்தவர் யார் என்றும் கேட்டாக வேண்டும். சிறுவனைக் கடுமையாகத் தண்டித்து அக்கேள்வியை மூடிவிடலாம். ஆனால் அரிவாள் அடுத்தவன் கைக்குப் போகும்.

இல்லமே அச்சமானால்...

சட்டம் நல்லதாக இருந்தும், அது செயற்படும் இடம் கெட்டால் பயன் என்ன? சீர்திருத்தப் பள்ளியால் நெடுங்காலமாக அறியப்பட்ட ஊர் செங்கல்பட்டு. அதே ஊரில், திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு அரசு இல்லத்திற்கு அனுப்பப்பட்ட பதினேழு வயதுச் சிறுவன், 2022 டிசம்பர் 31 அன்று உயிரிழந்தான். அவனைத் தாக்கியதாக அவ்வில்லத்தின் பணியாளர்களே கைது செய்யப்பட்டனர். பின்னர், இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துருவைக் கொண்ட ஒருநபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. இல்லங்களை நிருவகிக்கத் தனித்துறை வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று.

சீர்திருத்தம் என்னும் சொல்லைக் கட்டடத்தின் முகப்பில் எழுதிவைத்தால் போதாது என்பதை அம்மரணம் உணர்த்துகிறது. பயிற்சி பெற்ற பணியாளர், உளவியல் ஆலோசகர், தடையில்லாத கல்வி, பெற்றோர் வந்து காண வாய்ப்பு, முன்னறிவிப்பின்றி நிகழும் ஆய்வு ஆகியன இல்லாத இல்லம், பெயர் மாற்றிய சிறையே. சிறுவனைத் திருத்த அனுப்பிய அரசு அவன் உயிருக்கும் முழுப்பொறுப்பு உடையது. கடுந்தண்டனை வேண்டுவோரும் கனிவு வேண்டுவோரும் கருத்து வேறுபடாமல் சேர்ந்து கேட்க வேண்டியது இது.

கடலுக்கு அப்பால் நாம் கேட்பது

இராமநாதபுரக் கடற்கரையினர்க்கு இவ்வுண்மை வேறொரு வகையிலும் தெரியும். எல்லை தாண்டினர் என்று இலங்கைக் கடற்படை நம் மீனவரைப் படகோடு பிடித்துச் செல்வது தொடர்ந்து நிகழ்கிறது. அவர்களுள் பதினெட்டு நிரம்பாதோரும் இருந்துள்ளனர். அத்தகைய செய்தி வரும்போது கரையில் எழும் முதல் குரல், 'அவன் சின்னப் பிள்ளை. அவனையாவது விட்டுவிடுங்கள்' என்பதே. வறுமையால் படகேறினான், பெரியவர்களோடு சென்றான், தானே முடிவு செய்யவில்லை என்று நாம் வாதிடுகிறோம். அவ்வாதம் முற்றிலும் சரியானது. இலங்கையும் குற்றப் பொறுப்புக்குரிய குறைந்த வயதை எட்டிலிருந்து பன்னிரண்டாக 2018இல் உயர்த்தியது. இந்தியாவில் அவ்வயது இன்றும் ஏழே. ஏழு முதல் பன்னிரண்டுவரை சிறுவனின் முதிர்ச்சியைப் பொறுத்தே பொறுப்பு அமையும்.

அயல்நாட்டு நீதிமன்றத்திடம் நம் பிள்ளைக்காக எந்தக் கண்ணோட்டத்தை வேண்டுகிறோமோ, அதையே நம் ஊர்ச் சிறுவனுக்கு நாம் தருகிறோமா? கடலுக்கு அப்பால் பிடிபட்டால் 'பிள்ளை'. நம் தெருவில் பிடிபட்டால் 'திருடன்'. இந்த இரட்டை அளவை நம்மிடமிருந்து நீங்க வேண்டும்.

திரும்பி வரும் நாள்

மூட்டையோடு நின்ற சிறுவனிடம் மீண்டும் வருவோம். நான் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. உண்மையில் அவன் இருந்திருந்தாலும் பெயரைச் சொல்லியிருக்க மாட்டேன். சட்டத்துடன் முரண்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, ஒளிப்படம் ஆகியவற்றை வெளியிடுவதைச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. வழக்கு முடிந்தபின், நன்னடத்தைச் சான்றுக்காகவும் பழைய பதிவைக் காவல்துறை வெளிப்படுத்தலாகாது. 24ஆம் பிரிவோ, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தாலும் அதனால் எத்தகுதிக் குறைவும் அவனைச் சேராது என்கிறது. உரிய காலம் கழிந்தபின் ஆவணங்களை அழிக்கவும் ஆணையிடுகிறது. பதினாறு வயதைக் கடந்து கொடுங்குற்றத்திற்காக வயது வந்தோராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றோர்க்கு மட்டும் இப்பாதுகாப்பு இல்லை.

எழுதுவதையும் பதிவதையும் காத்துவைப்பதையும் தொழிலாகக் கொண்ட அரசு, ஒன்றை மறந்துவிடுவதைத் தன் கடமையாக ஏற்றிருக்கிறது. இதுவே சிறார் நீதிமுறையின் உயிர்நாடி என்பேன். ஆனால், கோப்பு அழிந்தாலும் ஊரின் நினைவு அழிவதில்லையே! அவன் திரும்பி வரும் நாளில் தேநீர்க்கடையில் பேச்சு அடங்கும். பக்கத்து இருக்கை மாணவன் தன் பையை நகர்த்திக்கொள்வான். பள்ளியில் எது காணாமற்போனாலும் முதற்பார்வை அவன்மீது விழும். கைப்பேசிக் குழுக்களில் அவன் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பகிர்பவன், தானும் ஒரு சட்டத்தை மீறுகிறோம் என்பதை எண்ணுவதில்லை. இவ்வாறு வாயில்கள் அனைத்தும் மூடினால், அவனுக்குத் திறந்திருக்கும் கதவு ஒன்றே: மூட்டை சுமக்கச் சொன்ன அந்தப் பெரியவரின் கதவு.

அந்தப் பெரியவரைத்தான் நாம் மறக்கக் கூடாது. சட்டவிரோதச் செயலுக்குக் குழந்தையைப் பயன்படுத்துவோர்க்கு ஏழாண்டுவரை கடுங்காவலும் ஐந்து இலட்சம் ரூபாய் தண்டமும் விதிக்க 83ஆம் பிரிவு வழிசெய்கிறது. சிறுவனைப் பிடித்தவுடன் வழக்கு முடிந்ததாகக் கருதாமல், அவனை அனுப்பியவரைத் தேடிச் செல்லும் விசாரணையே முழுமையான விசாரணை.

பள்ளிக்கும் இதில் பங்குண்டு. அவனை நீக்கிவிட்டால் பள்ளியின் பெயர் காக்கப்படும் என்று நினைப்பது எளிது. ஆனால், காலையில் செல்வதற்கு ஓர் இடமும், வராவிட்டால் ஏன் என்று கேட்க ஓர் ஆசிரியரும் இருப்பதே அவனுக்கு உறுதியான காவல். தலைமையாசிரியர் வருகைப்பதிவேட்டில் அவன் பெயரை நீக்காமல் வைத்திருப்பது, நீதிக் குழுமத்தின் ஆணைக்கு நிகரான நீதிச் செயல்.

நீங்கள் நீதிபதிகள் அல்லர், காவலரும் அல்லர். எனினும், அச்சிறுவன் திரும்பி வரும்போது அவன் அமரப்போவது உங்கள் அருகில்தான். 'எங்கே போயிருந்தாய்?' என்று கேட்காமல், 'எந்தப் பாடம் விட்டுப்போயிற்று?' என்று கேட்டு உங்கள் குறிப்பேட்டை அவன் பக்கம் நகர்த்துங்கள். சட்டம் சொல்லும் மறத்தல் அங்கேதான் தொடங்குகிறது.